கிரகணத்துக்கு வெட்டிய எக்ஸ்ரே படம்

நான் எழுதுவது கோணல்மாணலாகத்தான் இருக்கும். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு இந்தக் கை கொழுந்து பறித்ததே தவிர பேனா பிடித்ததில்லை. ஞாபகமும் முந்தி மாதிரி இல்லை. ஒன்றைச் சொல்ல வந்தால் நடுவில் பாதி மறந்துபோகும். மகள்தான் ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்து, வாயால் சொல்ல வெட்கப்படுகிறாய், எழுதியாவது வை என்றாள்.

ஆட்களின் பெயர் எதையும் எழுதவில்லை. என் வீட்டுக்காரர் பெயரைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் வாயால் சொன்னது கிடையாது. கையால் எழுதவும் கூச்சமாக இருக்கிறது. அவர் பெயரை விட்டுவிட்டு மற்றவர்கள் பெயரை மட்டும் எழுதுவது என்ன நியாயம் என்று எல்லாப் பெயரையும் விட்டுவிட்டேன்.

எழுத வந்தது, ஆளை அறுக்காமலே உள்ளே பார்த்துச் சொல்கிற படங்களைப் பற்றி. எக்ஸ்ரே, ஸ்கேன் என்று இப்போது எல்லாரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது இன்னும் சாதாரணமாகப் படவில்லை.

முதல் எக்ஸ்ரே படத்தை நான் பார்த்தது பன்வில பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் லயத்தில், வரிசையாகக் கட்டின காம்பரா வீடுகளில் ஒன்றில், இருந்தபோது. இருபது வருசத்துக்கு மேலே இருக்கும். என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தேயிலைத் தூசிதான் இருமலுக்குக் காரணம் என்று ரெண்டு மூணு மாசம் சும்மா இருந்துவிட்டோம். சட்டை தொளதொள என்று ஆனபிறகுதான் தோட்டத்து மருந்துக்காரர் துண்டு எழுதிக் கொடுத்துக் கண்டிக்கு அனுப்பினார். அங்கே நெஞ்சில் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் காசநோய் என்றார்கள். சளியையும் சோதித்தார்கள். ஆறு மாசம் மாத்திரை. ஒருநாள்கூட விடக்கூடாது என்று சொன்னார்கள், விடவில்லை. மனுசன் தேறி வந்துவிட்டார்.

அந்தப் படத்தை எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். காக்கி உறைக்குள் போட்டு, மடிக்காமல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். லயத்தில் அன்றைக்குப் பெரிய கூட்டம். வாசலில் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஆளாளுக்கு அவருடைய விலா எலும்பை எண்ணினார்கள். பக்கத்துக் காம்பராவில் இருந்த மதினி, கூடப் பிறந்த உறவு இல்லை, வாய்ப்பழக்கத்தில் மதினி, அவள் மட்டும் எண்ணிவிட்டு, இந்த எலும்புக்கா நீங்கள் தினமும் ரெண்டு ரொட்டி கூடுதலாகச் சுடுகிறீர்கள் என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனதுக்குள் வேறு ஒன்று ஓடியது. முப்பது வருசம் பக்கத்தில் படுத்த மனுசனுடைய நெஞ்சுக்குள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கண் மூடித் திறக்கிற நேரத்தில் அந்த மெசினுக்குத் தெரிந்துவிட்டது.

படத்தை டிரங்குப் பெட்டிக்குள், கலியாணப் புடவைக்கு அடியில் வைத்தேன்.

சில வருசம் போய், ஒரு பொங்கலுக்கு மறுநாள் சூரிய கிரகணம் பிடித்தது. வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, எக்ஸ்ரே படம் வழியாகப் பார்க்கலாம் என்று லயத்தில் ஒரே பேச்சு. எக்ஸ்ரே படம் யார் வீட்டில் இருக்கிறது? எங்கள் வீட்டில்தான். முழுப் படத்தையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் எலும்பு இருக்கிற இடமெல்லாம் வெளிச்சம் கூசியது. கறுப்பாக இருக்கிற இடம்தான் நல்லது என்றார்கள். படத்தில் ரொம்பக் கறுப்பாக இருந்தது ஒரு பக்கத்து நுரையீரல். காற்று நிறைந்த இடம் படத்தில் கறுப்பாக விழும் என்று இப்போது தெரியும், அப்போது தெரியாது. துணி தைக்கிற கத்தரிக்கோலை எடுத்து நானே வெட்டினேன். ஒரு கொப்பி மட்டை அளவுக்கு ஒரு துண்டு. அவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு, என் நெஞ்சு வழியாகச் சூரியனைப் பாருங்கள் என்று எல்லாருக்கும் சொன்னார். லயமே அன்றைக்குப் பார்த்தது. அந்தத் துண்டு கைமாறிக் கைமாறிப் போனது. திரும்பி வந்ததா வரவில்லையா என்று நான் யோசிக்கவும் இல்லை. மிச்சப் படம் ஓட்டையோடு திரும்பப் பெட்டிக்குள் போனது.

இதுதான் நான் செய்த பிழை.

இப்போது நாங்கள் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகளோடு இருக்கிறோம். அவள் கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். போன வருசம் வீட்டுக்காரருக்குக் கண்ணில் பூ விழுந்து ஒப்பரேசன் செய்ய வேண்டி வந்தது. அதற்கு முதல் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். கண்ணுக்கு எதற்கு நெஞ்சுப் படம் என்று அவர் முணுமுணுத்தார். எடுத்த இடத்தில் கண் ஒப்பரேசன் நின்றது. வலது பக்கம் மேலே ஒரு நிழல் தெரிகிறது, பெரிய ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நிழல் என்றால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மகள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கன்சர் என்ற சொல்லை அவள் வாயில் வைத்துக்கொண்டு விழுங்கினாள்.

ஸ்கேன் எடுக்கிற அறையை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். நடுவில் ஓட்டை போட்ட உளுந்து வடை மாதிரி ஒரு மெசின், ஆள் உயரத்துக்கும் கூட. அந்த ஓட்டைக்குள் கட்டில் தானாகப் போகிறது. உலோகச் சாமான் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். அவர் அரைஞாண் கயிற்றையும், புஜத்தில் கட்டியிருந்த வெள்ளித் தாயத்தையும் கழற்றி என் கையில் கொடுத்தார். தாயத்து இல்லாமல் அந்தக் கையை நான் பார்த்ததே இல்லை. அந்த இடம் மட்டும் வெளுத்து, சின்னப் பிள்ளைக் கை மாதிரி இருந்தது. மெசின் ஓட்டுகிறவர் ஒரு சிங்களத் தம்பி. எங்களுக்காகத் தமிழ் பழகி வைத்திருந்தார். "அப்பா, மூச்சு எடுங்க. வைங்க, வைங்க. சரி, விடுங்க," என்று மைக்கில் சொன்னார். நானும் கண்ணாடிக்கு வெளியே நின்று மூச்சை எடுத்து வைத்துக்கொண்டேன். விடச் சொன்னபோது விட்டேன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நாங்கள் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் பாதிகூட இல்லை.

பயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த மெசினைப் பார்த்து எனக்கு ஒரு மரியாதை வந்தது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. மகள் வயிற்றில் பிள்ளை இருந்தபோது ஜெல்லி தடவி ஒரு சின்னக் கருவியை வயிற்றில் உருட்டினார்கள், டிவியில் பிள்ளை விரல் சப்பியது தெரிந்தது. அது சத்தத்தால் எடுக்கிற படம் என்று சொன்னார்கள், நமக்குக் கேட்காத சத்தமாம். எக்ஸ்ரேயோ கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமாம். நமக்குக் கேட்காததையும் தெரியாததையும் பிடித்து, நமக்குத் தெரிகிற மாதிரி ஆக்கித் தருகிறவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

படங்களைப் பார்த்துச் சொல்கிற டொக்டர் ஒரு பெண். வடக்குப் பக்கத்துத் தமிழ் பேசினார். நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற டொக்டர் வேறு. இவருடைய வேலை நாள் முழுக்கப் படங்களைப் பார்ப்பதுதான். எங்களைக் கூப்பிட்டுக் கதிரையில் உட்கார வைத்து, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பாண் ரொட்டியை மெல்லிசாக வெட்டிப் பார்க்கிற மாதிரி, இந்த மெசின் ஆளைத் துண்டு துண்டாக வெட்டாமல் வெட்டிக் காட்டும் என்றார். விரலால் உருட்ட உருட்ட ஒவ்வொரு துண்டாகப் போனது. வலது பக்கம் மேலே ஒரு வெள்ளைப் புள்ளி. மிளகு அளவு இல்லை, நெல்லிக்காய் அளவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில்.

அவர் பொய் சொல்லவில்லை, பயங்காட்டவும் இல்லை. பழைய காசநோய்த் தழும்பாக இருக்கலாம், வேறு மாதிரியாகவும் இருக்கலாம், இந்தப் படத்தை மட்டும் வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். நிச்சயமாகச் சொல்ல ரெண்டு வழி. ஒன்று, முதுகுப் பக்கமாக நீளமான ஊசியை நுரையீரலுக்குள் விட்டு ஒரு துளி சதை எடுத்துச் சோதிப்பது. என் வீட்டுக்காரருக்கு இருதயம் பலவீனம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை குடிக்கிறவர். அவருக்கு அந்த ஊசி கொஞ்சம் ஆபத்து. இரண்டாவது வழி, காசநோய் வந்த காலத்துப் படம் இருந்தால் அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இத்தனை வருசமாக அதே அளவில் இருந்தால் அது தழும்பு. அப்போது இல்லாமல் இப்போது வந்திருந்தால் ஊசி போட்டே ஆக வேண்டும். அவ்வளவு பழைய படம் ஆஸ்பத்திரியில் இருக்காது, வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். ஊசிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நாள் போட்டிருந்தது.

மகள் உடனே, இருக்கிறது டொக்டர், அம்மா பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார் என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். மகள் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு யார் வெட்டினது என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். நான்தான் தைரியம் சொன்னேன். வெட்டினது இடது பக்கம், டொக்டர் சொன்ன புள்ளி வலது பக்கம், பார், வலது பக்கம் முழுசாக இருக்கிறது என்று தொட்டுக் காட்டினேன். அதைச் சொன்னபோது எனக்கே பெரிய பாரம் இறங்கினது. வெட்டினாலும் சாமி நல்ல பக்கமாகப் பார்த்து வெட்ட வைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலேயே படத்தைக் கொண்டுபோனோம். டொக்டர் அதை உறையிலிருந்து எடுத்து, சுவரில் இருந்த வெள்ளை விளக்குப் பெட்டியில் மாட்டினார். ஓட்டை வழியாக வெளிச்சம் பளீரென்று அடித்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வலது பக்கம் இல்லையே என்றார்.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. இடதுதான் இல்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவர் எழுந்து என் முன்னால் நின்று வலது கையைத் தூக்கினார்.

"அம்மா, என்ரை வலது கை உங்களுக்கு எந்தப் பக்கம் தெரியுது?"

"இடது பக்கம்."

"ஓம். படத்திலயும் அவர் உங்களைப் பாத்துக்கொண்டுதான் நிக்கிறார்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேண்டிய பக்கத்தையே வெட்டி எடுத்திருக்கிறேன். அந்த மாதிரி அறைகளில் நான் வாய் திறக்கிறவள் இல்லை, எப்போதும் மகள்தான் பேசுவாள். அன்றைக்கு நானே சொன்னேன். "நான்தான் டொக்டர் வெட்டுனேன். கிரகணம் பார்க்க வெட்டுனேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. எக்ஸ்ரே படம் வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது, கண் கெட்டுப்போகும் என்று மட்டும் சொன்னார். எங்கள் ஊரிலும் அன்றைக்கு எல்லாரும் இதைத்தான் செய்தார்கள் என்றார். பிறகு, அந்தத் துண்டு எங்கே இருக்கிறது, தேடிப் பாருங்கள் என்றார். பதினைந்து வருசத்துக்கு முந்தி வெட்டின ஒரு துண்டை, நேற்று வைத்த சாவியைத் தேடச் சொல்கிற மாதிரி, கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு சொன்னார்.

சனிக்கிழமை வத்தேகம வழியாகப் பன்வில பஸ் ஏறினேன். வீட்டுக்காரரிடம் மதினியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன், அன்றைக்கு யார் யார் கையில் அந்தத் துண்டு போனது என்று. பாதிப் பேர் தோட்டத்தை விட்டே போய்விட்டார்கள். குப்பையில் போயிருக்கும், பிள்ளைகள் காற்றாடிக்கு வெட்டியிருப்பார்கள் என்று மனசு சொல்லிக்கொண்டே வந்தது.

மதினி இன்னும் அதே காம்பராவில்தான் இருக்கிறாள். வாசலிலேயே, "என்ன மதினி, டவுன்காரி ஆயிட்டீங்க, வழி மறந்துபோச்சுன்னு நெனச்சேன்," என்று குத்தினாள். குசினிக்குள் கூட்டிப்போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினாள். அடுப்புக்கு மேலே சின்ன ஜன்னல். அதில் மேல் கண்ணாடி ரெண்டு முழுசு, கீழ்க் கண்ணாடி ஒன்று முழுசு. நாலாவதில் கண்ணாடி இல்லை, புகை படிந்து ஒரு பழுப்புத் தகடு மாதிரி எதையோ அடித்து வைத்திருந்தாள். வெளியே மேகம் விலகி வெயில் பட்டதும் அந்தப் பழுப்புக்குள் ஐந்தாறு கோடுகள் வளைந்து தெரிந்தன.

நான் அந்தக் கோடுகளை எண்ணினவள். எனக்குத் தெரியாதா.

 அந்த ஜன்னலைக் கையால் காட்டினேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, கிரகணத்தன்றைக்குக் கடைசியாகத் தன் கையில் நின்றது என்றும், அந்த மாசிக் காற்றில் கண்ணாடி உடைந்ததும் அடித்து வைத்ததாகவும் சொன்னாள். நான் விசயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அடுப்பை ஊதாமல் நின்றாள். பிறகு கதிரையைப் போட்டு ஏறி, கத்தி முனையால் ஆணி ஆணியாகக் கிளப்பினாள். நாலு மூலைக்கு நாலு, இறுக்கமாக இருக்கட்டும் என்று மேலே ஓரத்தில் இன்னொன்று. ஐந்து ஓட்டை. அந்த ஐந்தாவது ஓட்டையைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. புள்ளி இருந்ததும் மேலேதானே.

"அண்ணன் நெஞ்சுதான் மதினி இத்தன வருசமா என் அடுப்ப மழையில இருந்து காப்பாத்துச்சு," என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகை என்றாள். அடுப்பு இன்னும் எரியவே இல்லை.

கழுவலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இனி என் கை அதில் எதுவும் செய்யாது. ஜன்னலுக்கு ஒரு பிஸ்கட் பெட்டி மட்டையை அடித்துக் கொடுத்துவிட்டு, துண்டைப் புடவைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை. ஊசிக்கு முதல் நாள். டொக்டர் அந்தத் துண்டை வாங்கிய விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நாறுகிற, புகை பிடித்த, ஆணி குத்தின சாமான் அது. பிறந்த பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து வாங்கினார். கையுறை போட்டு, பஞ்சை நனைத்துப் பிழிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தார். பஞ்சு கறுக்க, படம் தெளிந்தது. விளக்குப் பெட்டியில் பழைய படத்தின் ஓட்டைக்குள் துண்டைப் பொருத்தி பிளாஸ்டரால் ஒட்டினார். நான் வெட்டின கோணல் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று சரியாகப் போய் உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் முழுசானார்.

 டொக்டர் கண்ணாடி வில்லையை வைத்துப் பார்த்தார். அடிமட்டத்தால் அளந்தார். கம்ப்யூட்டரில் புதுப் படத்தைப் பார்த்தார். திரும்பப் பழையதற்கு வந்தார். இன்னொரு டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார், இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். மகள் என் கையைப் பிடித்திருந்தாள். வீட்டுக்காரர் மட்டும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, சுவரில் இருந்த தன் நெஞ்சை யாரோ ஒருத்தரைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் பேனா முனையால் துண்டின் மேல் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். ஆணி ஓட்டைக்குப் பக்கத்தில், அரை விரல் தள்ளி, ஒரு வெள்ளைப் புள்ளி.

"ஓம் அம்மா, இது அப்பவே இருந்திருக்கு. அதே இடம், அதே அளவு. வளரேல்லை. பழைய தழும்புதான்."

ஊசி வேண்டாம் என்று எழுதினார். ஆறு மாசம் கழித்து, எதற்கும் ஒருதரம் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், அது வழக்கம், பயப்பட வேண்டாம் என்றார். அந்த ஆறு மாசமும் போய்விட்டது. புள்ளி அப்படியேதான் இருக்கிறது. கண் ஒப்பரேசனும் முடிந்து, அவர் இப்போது மதினி அனுப்புகிற கடிதத்தைக் கண்ணாடி போடாமல் வாசிக்கிறார்.

இதில் யாரைப் பெரிசாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பழைய படத்தைப் பிடித்த மெசின் இப்போது இருக்காது, அதை ஓட்டினவரும் பென்சனில் போயிருப்பார். ஆனால் அவர் அன்றைக்கு ஒழுங்காகப் பிடித்தது, இருபது வருசம் கழித்து, மழையும் புகையும் தாண்டி, உண்மையைச் சொன்னது. புது மெசின் மனுசனைப் பாண் மாதிரி வெட்டிக் காட்டினது. ஆனாலும் அது மட்டும் போதவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, அவசரப்படாமல் பார்க்க ஒரு ஆளின் கண் வேண்டியிருந்தது. ஊசியைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் அந்த டொக்டருக்கு வேலை சுலபம். அவர் ஒரு ஜன்னல் துண்டுக்காகக் காத்திருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை புறப்படும்போது டொக்டர் படத்தைப் புது உறையில் போட்டு என் கையில்தான் கொடுத்தார். இனி எதைப் பார்ப்பதற்கும் வெட்ட வேண்டாம் என்று சிரித்தார். பஸ்ஸில் வீட்டுக்காரர் அந்த உறையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, பாவம், மதினியின் ஜன்னலுக்கு நல்ல கண்ணாடி ஒன்று போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தோம்.

இதை வாசிக்கிறவர்களில் ஆஸ்பத்திரி வேலை, படம் பிடிக்கிற வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு உதவி செய்ய வேண்டும். நான் சொன்ன விவரம் எல்லாம் சரியா என்று ஒருதரம் பார்த்துத் திருத்துங்கள். சத்தத்தால் எடுக்கிற படம், வெளிச்சத்தால் எடுக்கிற படம் என்று எழுதினது நான் விளங்கிக்கொண்ட அளவுக்குத்தான். எல்லாவற்றையும்விட, வலது எது, இடது எது என்று நான் எழுதின இடங்களைக் கட்டாயம் பாருங்கள். அதில் ஒருதரம் பிழை விட்டவள் நான்.